சோளத்தின் இடையே கௌபி: பண்டாரவளைக் கடையில் வாங்கிய விதைகள்

பண்டாரவளையில் விவசாயப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் வாங்கிய சோளம், கௌபி (தட்டைப்பயறு) விதைகளைப் பற்றி மலைநாட்டில் மாடு வளர்ப்போருக்காக எழுதுகிறேன். பண்டாரவளை அமைந்துள்ள ஊவா மாகாணத்தில் ஒக்டோபர் மழையோடு சோளத்தை ஊன்றி, அது ஐந்தாறு இலை விட்ட பிறகே வரிசைகளின் நடுவே கௌபியை விதைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கொடி இளஞ்சோளத்தை அமுக்கிவிடும். கடைக்காரர் இதைக் கேட்காமலேயே பொறுமையாக விளக்கினார். சோளம் சீராக முளைத்தது. கௌபியிலோ வண்டு துளைத்த விதைகள் பல இருந்தன. பையில் பொதியிட்ட திகதியும் இல்லை. கொடுத்த விலைக்கு இது ஏற்கத்தக்கதன்று.

கதிரொடித்த பின், மேய்ச்சல் புல் காய்ந்திருந்த நாட்களில் பசுக்களை அந்தத் தோட்டத்துக்குள் விட்டபோது, அவை கௌபிக் கொடியையும் சோளத் தோகையையும் முதலில் தின்று, தடித்த தண்டுகளைக் கடைசிவரை ஒதுக்கின. காய்ந்த சோளத்தட்டையில் புரதம் குறைவு; அதை ஈடுசெய்வது கௌபிதான். விழுந்து கிடக்கும் கதிர்களை முன்கூட்டியே பொறுக்கிவிடுங்கள், ஏனெனில் தானியத்தை மிதமிஞ்சித் தின்ற மாட்டின் இரைப்பையில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். உறைபனி விழும் நுவரெலியாப் பக்கத்திற்குக் கௌபி பொருந்தாது; அங்குள்ளோர் குளிர் தாங்கும் ரை புல் விதையைக் கேட்டுப் பார்க்கலாம்.