உப்புத் தண்ணீரில் உலோகம் தேட எந்தக் கருவி?

போன கோடையில் என் பெரியப்பா ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையோரம் அவருக்குத் தோட்டம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். ஆர்சனிக் குடிநீர் வரம்பைத் தாண்டியிருப்பதாக அறிக்கை சொன்னது. “மாட்டுக்கு வெக்கலாமான்னு தெரியல கண்ணு. பத்து நாளா வெலத் தண்ணிதான் வாங்கி ஊத்தறேன்” என்றார்.

அதே தாளில் மூன்று வரி மேலே, குளோரைடு லிட்டருக்கு 3,200 மில்லிகிராம் என்று இருந்தது. ஆர்சனிக்கைப் பார்த்தது ஐசிபி-எம்எஸ், அணுக்களை நிறைப்படி பிரித்து எண்ணும் கருவி. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நொய்யல் தண்ணீரில் உப்பு எங்கிருந்து வந்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். லிட்டருக்கு 50 கிராம்கூடப் போகும். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அணையில் அந்தத் தண்ணீர்தான் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயம் என்பது உறைத்தது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் கொங்கு நாட்டில் கருவிகளை ஒப்பிடும்போது, எது நுட்பமானது என்பதைவிட எது உப்பைத் தாங்கும் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

நுட்பத்தில் ஐசிபி-எம்எஸ்ஸுக்கு இணை இல்லை. ஆர்கான் வாயுவை 6,000 டிகிரிக்கும் மேல் சூடாக்கிய பிளாஸ்மாவில் தண்ணீர்த் துளிகளைத் தெளித்து, உதிரும் அயனிகளை நிறைப்படி பிரித்து எண்ணுகிறது. ஈயம், காட்மியம் எல்லாம் லிட்டருக்கு 0.01 மைக்ரோகிராம் அளவில்கூடத் தெரியும். இருபது முப்பது உலோகங்களை இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். மழைத்தண்ணீர், ஆழியாறு, சிறுவாணி மாதிரியான நல்ல தண்ணீர் என்றால் வேறு கருவியை யோசிக்கவே வேண்டாம்.

உப்பு வந்ததும் கதை மாறுகிறது. ஆர்கானின் நிறை 40, குளோரினின் நிறை 35. பிளாஸ்மாவில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. ஆர்சனிக்கின் நிறையும் அதே 75. கருவிக்கு நிறைதான் தெரியும், பெயர் தெரியாது. உப்புத் தண்ணீரில் இல்லாத ஆர்சனிக்கை இருப்பதாகக் காட்டும் வழி இதுதான். குரோமியத்திலும் இதே தொல்லை உண்டு. ஆர்கானோடு கார்பன் சேர்ந்தால் 52, முக்கியமான குரோமியத்தின் நிறையும் 52. சாயக்கழிவில் கார்பனுக்கா பஞ்சம்? இதுபோக, கரைந்த திண்மம், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலான எல்லாம் சேர்ந்து, லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் கருவியின் கூம்புத் துளையில் உப்பு படிந்து, அளவு மெல்ல மெல்ல இறங்கும்.

இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. ஹீலியம் நிரப்பிய மோதல் அறை வழியே அயனிகளை அனுப்பினால், உருவில் பெரிய கூட்டு அயனிகள் வேகம் இழந்து வடிகட்டப்படும். தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கலாம். அப்போதும் கண்டறியும் எல்லை, அதாவது கருவியால் பார்க்க முடிந்த மிகக் குறைந்த அளவு, 0.1 மைக்ரோகிராம்தான், ஈயத்தின் குடிநீர் வரம்பான 10-க்கு வெகு கீழே. ஆக, ஐசிபி-எம்எஸ் உப்புக்கு ஆகாத கருவி என்று நான் சொல்லவில்லை. உப்பைத் தெரிந்து ஓட்டாத ஆள் கையில் அது ஆபத்தானது என்கிறேன். பெரியப்பாவின் அறிக்கை அப்படித்தான் ஆனது. கேட்டுப் பார்த்ததில், அன்று ஹீலியம் போடாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது பல ஊர்களில் கல்லூரி ஆய்வகத்திலும் இருக்கும் ஏஏஎஸ். 1955-இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் முன்வைத்த முறை. அணு தனக்கே உரிய ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும். ஒரு உலோகத்துக்கு ஒரு விளக்கு, அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். இதில் தண்ணீரைத் தீச்சுடரில் தெளிக்கும் சுடர் வகையையும் கிராஃபைட் ஃபர்னஸ் வகையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சுடரில் ஈயத்தைக் கண்டறியும் எல்லையே லிட்டருக்கு 10, 20 மைக்ரோகிராம். குடிநீர் வரம்பும் 10. ‘ஈயம் கண்டறியப்படவில்லை’ என்று சுடர் ஏஏஎஸ் அறிக்கை வந்தால் குடிநீர் விஷயத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. கோவை முலாம் பட்டறைக் கழிவில் நிக்கல் 3 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்க அதே சுடர் தாராளமாகப் போதும், செலவும் குறைவு.

ஃபர்னஸில் இருபது மைக்ரோலிட்டர் தண்ணீரைக் கிராஃபைட் குழாயில் விட்டு, படிப்படியாகக் காயவைத்து, கருக்கி, கடைசியில் ஆவியாக்குவார்கள். ஈயத்தை 0.1 மைக்ரோகிராம் வரை பார்க்கலாம். இங்கேயும் உப்பு விளையாடும்: கருக்கும்போது ஈயம் குளோரைடாக மாறி முன்கூட்டியே பறந்துவிடும், அளவு குறைந்து வரும். அதைத் தடுக்க அம்மோனியம் நைட்ரேட் சேர்ப்பார்கள். உப்பு அம்மோனியம் குளோரைடாகவும் சோடியம் நைட்ரேட்டாகவும் மாறி, ஈயத்துக்கு முன்னால் அவை இரண்டும் கிளம்பிவிடும். பல்லேடியம் சேர்த்தால் ஈயம் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக நிற்கும். ஒரு அளவுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும். ஆனாலும் மோதல் அறை இல்லாத ஐசிபி-எம்எஸ்ஸா, ஒழுங்காக ஓட்டும் ஃபர்னஸா என்று கேட்டால், நொய்யல் தண்ணீருக்கு நான் ஃபர்னஸையே நம்புவேன்.

அதே பிளாஸ்மாவில் அணுக்கள் உமிழும் ஒளியை அளக்கும் ஐசிபி-ஓஇஎஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உப்பை நன்றாகத் தாங்கும், பல உலோகங்களைச் சேர்த்துப் பார்க்கும். சாயப்பட்டறைக் கழிவில் தாமிரம், துத்தநாகம், குரோமியம் பார்க்க அருமை. குடிநீரில் ஆர்சனிக், காட்மியம் பார்க்கப் போதாது.

உப்பைப் பகையாக நினைக்காமல் துணையாக்கிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு, எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் தொடங்கி, 1959-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த போலரோகிராஃபி என்ற மின்வேதி முறையின் வழி வந்த ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி அது. மின்முனையில் சில நிமிடம் உலோகத்தைப் படிய வைத்து, பிறகு மின்னழுத்தத்தை ஏற்றிக் கரைத்தால், ஒவ்வொரு உலோகமும் தன் இடத்தில் ஒரு முகடு காட்டும். மின்சாரம் ஓட உப்பு தேவை, நம் தண்ணீரில் அது தயாராகவே இருக்கிறது. கடல்நீரில் ஈயமும் காட்மியமும் பார்க்க இதைத்தான் காலகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். பெட்டியில் போட்டுத் தோட்டத்துக்கே எடுத்துப் போகலாம். கஷ்டம் என்னவென்றால், சாயத்தின் கரிமப் பொருள் மின்முனையில் ஒட்டிக்கொண்டு முகட்டை அமுக்கிவிடும். புற ஊதா ஒளியில் வைத்துச் சிதைத்த பிறகே அளக்க முடியும். பழைய சாயம் கலந்த கிணறுகளில் இந்தப் படியைத் தாண்டிப் போனால் ‘ஈயம் இல்லை’ என்று பொய் வரும்.

தோல் பதனிடும் ஆலைகள் உள்ள ஈரோட்டுப் பக்கத்துக்கு இந்தப் பெரிய கருவிகள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பதனிடப் போடுவது மூவிணைதிறன் குரோமியம், நஞ்சில் கொடியது ஆறிணைதிறன் குரோமியம். பிளாஸ்மாவும் ஃபர்னஸும் மொத்தக் குரோமியத்தை மட்டுமே சொல்லும். பிரித்துச் சொல்வது மிக எளிய முறை: அமிலத்தில் டைஃபீனைல் கார்பசைடு சேர்த்தால் ஆறிணைதிறன் குரோமியம் மட்டும் ஊதாவாக மாறும், 540 நானோமீட்டரில் அளக்கலாம். தண்ணீரிலேயே சிவப்புச் சாயம் இருந்தால் அதன் நிறத்தைத் தனியாக அளந்து கழித்துவிட வேண்டும். இதற்கான தண்ணீரைத் தனிப் பாட்டிலில், அமிலம் சேர்க்காமல், குளிரில் வைத்து ஒரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். மற்ற உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் கட்டாயம் விட வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் வாங்கிக்கொள்ளும் ஆய்வகத்தில் கருவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் கொடுக்க மாட்டேன்.

சரி, பெரியப்பா கிணறு. அந்தத் தண்ணீரை ஹைட்ரைடு முறையில் திரும்பப் பார்க்க வைத்தேன். ஆர்சனிக்கை வாயுவாக மாற்றி, உப்பைக் கீழேயே விட்டுவிட்டு அளக்கும் முறை அது. ஆர்சனிக் கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்தது. ஆனால் கரைந்த திண்மம் லிட்டருக்கு 7,400 மில்லிகிராம்.

“ஆர்சனிக் இல்லீங்க பெரியப்பா. உப்புத்தான் இருக்குது. சினை மாட்டுக்கும் கறவைக்கும் வேண்டாம்ங்க.”

“அது இருவது வருசமா தெரிஞ்சதுதானே கண்ணு” என்று தாளை வாங்கி மறுபடி மடித்துக்கொண்டார்.