நிழலில் நிற்கும் ட்ரெய்லருக்கு எந்த பேட்டரி, வெயிலில் நிற்பதற்கு எது?

பெங்களூரில், காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்குகிற சின்ன ட்ரெய்லர் வாங்கினவர்களும் கட்டினவர்களும் கூடினால் பேச்சு சீக்கிரமே "பேட்டரி டியூபுலரா, லித்தியமா?" என்பதில் வந்து நிற்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, வண்டி எங்கே நிற்கப் போகிறது என்பது. காபி நிழலில் வளர்கிற பயிர். குடகிலோ சிக்கமகளூரிலோ தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினால், 200 வாட் பேனல் 20 வாட் கொடுத்தாலே அதிகம். அதே பேனல் பிப்ரவரியில் ஹம்பிப் பாறைவெளியில் மதியத்துக்குள் ஃபிரிட்ஜ் செலவை ஈடுகட்டிவிடும். பேட்டரி சேமித்து வைக்கும் பானைதான். காலியான பானை எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கில் போடப்பட்டது.

ஒரு நாளுக்கு எவ்வளவு போகும்?

இரண்டு பேர், 40 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசர் ஓடும்போது 45 வாட் இழுக்கும். மடிக்கேரிக் குளிரில் நாளில் 30 சதவீத நேரம் ஓடினால் சுமார் 325 வாட்-மணி. மே மாதம் கோகர்ணா போல வெக்கையான கடற்கரையில் 60 சதவீதம் வரை ஓடும், அப்போது 650. 12 வாட் ஃபேன் ஒன்று ஒன்பது மணி நேரத்துக்கு 108. விளக்குகள் 75, நான்கு முறை ஃபோன் சார்ஜ் 60, லேப்டாப் 120, தண்ணீர் மோட்டார் 15. குளிரான இடத்தில் மொத்தம் 700 வாட்-மணி, அதாவது 12.8 வோல்ட்டில் 55 ஏஹெச் (ஆம்பியர்-மணி). கடற்கரையில் ஃபேன் இரண்டாகும், கணக்கு 1,130-க்கு, அதாவது 89 ஏஹெச்சுக்குப் போய்விடும்.

பலரும் விட்டுவிடுகிற வரி ஒன்று உண்டு. இன்வர்ட்டரை ஆன் செய்துவிட்டு எதையும் மாட்டாமல் வைத்திருந்தாலும் அது 10 முதல் 15 வாட் தின்னும். 12 வாட் என்றே வைத்தால் 24 மணி நேரத்தில் 288 வாட்-மணி, ஏறக்குறைய குளிர்ப் பிரதேச ஃபிரிட்ஜ் அளவு. லேப்டாப்பை 12 வோல்ட் டைப்-சி சார்ஜரில் போட்டு, இன்வர்ட்டரை மிக்ஸிக்கு மட்டும் ஆன் செய்தால் இந்தச் செலவே இல்லை. சட்னிக்கு 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் வெறும் 62 வாட்-மணிதான். ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் பல மடங்கு இழுப்பதால் 1,000 வாட் இன்வர்ட்டர் டிரிப் ஆகலாம். 1,500 வாட் போடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். 1,200 வாட்டுக்கு பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் போகும். சமையல் கேஸில் இருக்கட்டும்.

டியூபுலர், எஸ்எம்எஃப், லித்தியம்

வீட்டு யுபிஎஸ்ஸுக்கு வாங்குகிற 150 ஏஹெச் டியூபுலர் லெட்-ஆசிட் பேட்டரி, ஆசிட்டோடு 50 கிலோவைத் தாண்டும். அதில் எழுதியிருக்கும் 150 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக வடித்தால் கிடைக்கும் அளவு. ஆயுள் குறையாமல் இருக்க பாதிக்குமேல் வடிக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது 75 ஏஹெச், 900 வாட்-மணி. 100 ஏஹெச் லித்தியம் பெர்ரோ பாஸ்பேட் 11 முதல் 13 கிலோ. அதில் 90 சதவீதம் எடுக்கலாம், 1,150 வாட்-மணி. 40 கிலோ வித்தியாசம் ட்ரெய்லரின் மூக்கில் இருந்தால் ஹிட்ச் (காரோடு மாட்டும் இணைப்பு) மேல் விழும் பாரத்தையே மாற்றிவிடும்.

டியூபுலரில் இன்னொரு தொந்தரவு ஆசிட். ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளே போதும், மூடி வழியாக ஆசிட் கசிந்து டெர்மினலில் பச்சை பூக்க. (கொல்லிமலையின் 70 வளைவுகளில் ட்ரெய்லர் இழுக்கத் துணிகிறவர்களுக்குத் தனி வணக்கம்.) சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், படுக்கைக்குக் கீழே வைப்பதென்றால் வெளியே திறக்கும் தனி அறை கட்டியே ஆக வேண்டும். எஸ்எம்எஃப், அதாவது மூடி சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரி, கசியாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் 100 ஏஹெச்சுக்கு 30 கிலோ எடை, உபயோகம் 50 ஏஹெச். டியூபுலருக்கும் லித்தியத்துக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்கும் பொருந்தாத பேட்டரி அது.

எடையை விடப் பெரிய வித்தியாசம் திரும்ப நிரம்புவதில். 150 ஏஹெச் டியூபுலருக்கு 15 ஆம்பியர் அளவில் கொடுப்பதுதான் வழக்கம். 80 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே சுருக்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் நாலைந்து மணி நேரம். 100 ஏஹெச் லித்தியமோ 30 ஆம்பியரை ஏறக்குறைய முழுதாக நிரம்பும் வரை வாங்கிக்கொண்டே இருக்கும். பெங்களூரிலிருந்து ஏலகிரிக்கு மூன்று மணி நேர ஓட்டம் என்றால் லித்தியத்தில் 90 ஏஹெச் ஏறிவிடும், டியூபுலரில் 45 ஏறினால் நல்லது. விலை ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு கொடுப்பது இந்த வேகத்துக்குத்தான்.

லித்தியத்திலும் தப்பு நடக்கும். வோல்ட் மீட்டரை நம்ப முடியாது. 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் காட்டுவது ஏறக்குறைய 13.1 முதல் 13.3 வரைதான். நெகடிவ் கம்பியில் ஷண்ட் (ஓடும் கரண்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் கட்டாயம். எல்லா நெகடிவும் ஷண்ட்டில் பேட்டரி இல்லாத மறுபக்கம்தான் சேர வேண்டும், ஒன்று நேராக பேட்டரிக்குப் போனாலும் கணக்கு தப்பும். பழைய லெட்-ஆசிட் சார்ஜரில் இருக்கும் ஈக்வலைஸ், டீசல்பேட் மோடுகள் 15 வோல்ட்டைத் தாண்டும். பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சர்க்யூட்டான பிஎம்எஸ் உடனே துண்டித்துவிடும். 14.4 வோல்ட்டில் நிற்கிற சார்ஜர் போதும். முழுதாக வடிந்து பிஎம்எஸ் தூங்கிவிட்டால் பேட்டரி முனையில் பூஜ்யம் காட்டும், சோலார் கன்ட்ரோலர் "பேட்டரியே இல்லை" என்று உட்கார்ந்திருக்கும். பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பொருத்தமான 12 வோல்ட் லித்தியம் சார்ஜர் எழுப்பிவிடும். காட்டில் சார்ஜர் இல்லையென்றால், ஃபியூஸ் உள்ள ஒயரில் வேறொரு 12 வோல்ட் பேட்டரியை பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் சில விநாடி இணைத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

நிரப்பும் வழிகள்: கார், சோலார், ஜெனரேட்டர்

கார் ஆல்டர்னேட்டரிலிருந்து ரிலே வைத்து நேராக இழுக்கும் பழைய வழி பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் வேலை செய்யாது. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் டீசலையோ பெட்ரோலையோ மிச்சம் பிடிக்க வோல்ட்டேஜை 12.5 வரை இறக்கிவிடும், ட்ரெய்லர் பேட்டரிக்கு ஒன்றும் ஏறாது. லித்தியத்தை நேராக மாட்டினால் அதன் உள் எதிர்ப்பு குறைவு என்பதால் எதிர்ப் பிரச்சனை: சிக்னலில் ஐடிலில் நிற்கும் ஆல்டர்னேட்டரை உறிஞ்சிச் சூடாக்கிவிடும். இரண்டுக்கும் மருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர்; காரின் வோல்ட்டேஜ் எப்படி இருந்தாலும் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, அளவான கரண்டில் ஏற்றும். அதை ட்ரெய்லர் பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். இக்னிஷன் ஆன் ஆனால் மட்டும் ஓடும்படி ஒரு சிக்னல் ஒயர் கொடுங்கள். இல்லையென்றால் இரவில் காரின் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

இதில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கேபிள். பானட்டிலிருந்து ட்ரெய்லர் மூக்கு வரை 6.5 மீட்டர், போய்வர 13 மீட்டர். சார்ஜர் இழுப்பது 35 ஆம்பியர். 6 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 1.3 வோல்ட் வழியிலேயே தொலையும், 16-ல் 0.5தான். ட்ரெய்லர் விளக்குகளுக்கான 7 பின் சாக்கெட் வழியாக இதைக் கொடுக்கவே கூடாது. 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் தனியாக. கம்பியின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், 50 ஆம்பியர். லித்தியத்தின் மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஷார்ட் ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆம்பியர் தள்ளும். விலை குறைந்த ஏஎன்எல் ஃபியூஸில் ஆர்க் (தீப்பொறி) அணையாமல் நீடிக்கும் ஆபத்து உண்டு, கிளாஸ்-டி (Class T) வாங்குங்கள். கேபிளும், அதன் முனையில் மாட்டும் லக்கும் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். ஆனால் சுத்தியலால் தட்டிக் கொடுத்த லக்கை வாங்கி வராதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

சோலாரைப் பொறுத்தவரை பெங்களூர் அட்சரேகை 13 டிகிரிதான், கூரையில் படுக்க வைத்த பேனலுக்குச் சாய்வில்லாத நஷ்டம் பெரிதில்லை. 200 வாட் பேனல், ஐந்து மணி நேர நல்ல வெயில், சூடு, தூசி, கம்பி நஷ்டம் கழித்து 75 சதவீதம்: 750 வாட்-மணி. குளிரான இடத்து ஒரு நாள் செலவு அது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக் கூரைக்கு வரும் 335 வாட் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரும். அதை சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் மாட்டினால் பேட்டரி வோல்ட்டேஜுக்கு இழுத்துவிடும், 9 ஆம்பியர் 13 வோல்ட்டில் 117 வாட். மிச்ச வோல்ட்டேஜையும் ஆம்பியராக மாற்றித் தருவது எம்பிபிடி கன்ட்ரோலர். எஸ்.பி. ரோட்டில் எம்பிபிடி என்று ஸ்டிக்கர் ஒட்டின பிடபிள்யூஎம்மும் வாங்கக் கிடைக்கும். உள்ளே பெரிய காயில் இல்லாத, கையில் தூக்கினால் லேசாக இருக்கிற பெட்டி பெரும்பாலும் அதுதான். கழற்றும்போது பேனலை முதலில், பேட்டரியைக் கடைசியில். மாட்டும்போது நேர்மாறாக.

நிழல்தான் சோலாரின் எமன். ஒரு பேனலின் செல்களெல்லாம் தொடராக இருப்பதால் ஒரு கிளையின் நிழல் பேனலில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ விழுங்கும். கூரையில் இரண்டு 100 வாட் என்றால் பேரலலாக இணையுங்கள். தோட்டங்களிலேயே அதிகம் தங்குகிறவர்கள் கூரைப் பேனலை விட, 10 மீட்டர் கேபிளோடு வெயில் விழும் இடத்துக்கு நகர்த்தி வைக்கிற மடிப்புப் பேனல் வாங்குவது புத்திசாலித்தனம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகில் இரண்டுமே ஃபோனுக்கும் விளக்குக்கும்தான் சரியாக வரும்.

1 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் மழைக்காலத்தில் நிச்சயமானது. அதில் 40 ஆம்பியர் சார்ஜர் ஓடும். லித்தியத்தில் 60 ஏஹெச் ஏற்ற ஒன்றரை மணி நேரம். டியூபுலருக்கு அதே வேலை ஐந்தாறு மணி நேரம், அவ்வளவு நேரம் பக்கத்துக் கூடாரக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள். புகைக்குழாயை ட்ரெய்லர் ஜன்னலிலிருந்து நல்ல தூரத்தில், காற்று புகையை ட்ரெய்லரை விட்டு வெளியே கொண்டுபோகும்படி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எல்லாம் ஒரே பெட்டியில் வரும் 1,000 வாட்-மணி பவர் ஸ்டேஷன், ட்ரெய்லரை வாடகைக்கு எடுப்பவர்களுக்குச் சரி. ஆனால் காரின் சிகரெட் சாக்கெட்டில் 100 வாட்தான் ஏறும், நிரம்பப் பத்து மணி நேரம். உள்ளே ஒன்று பழுதானால் ஃபிரிட்ஜ், விளக்கு, சார்ஜர் எல்லாம் ஒரே சமயத்தில் போகும்; சாலையோர எலக்ட்ரீஷியனால் ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு திரும்புகிறவர்களுக்கு சோலாரே தேவையில்லை என்பது எங்கள் கணிப்பு. 100 ஏஹெச் லித்தியம், 30 ஆம்பியர் டிசி-டிசி, கிளம்புவதற்கு முந்தின இரவு வீட்டுப் பிளக்கில் பேட்டரியை நிரப்பி, ஃபிரிட்ஜையும் மாவு, காய்கறியோடு அதே கரண்டில் குளிரவைத்துவிட வேண்டும். இரண்டு இரவுக்கு 110 ஏஹெச் தேவை, கையில் 90. குறையை சனிக்கிழமை அருவிக்கோ கோயிலுக்கோ ட்ரெய்லரோடு போய்வரும் ஒரு மணி நேர ஓட்டம் அடைத்துவிடும். ட்ரெய்லரை அவிழ்த்து வைத்துவிட்டு காரில் மட்டும் போகிறவர்கள்தான் இந்தக் கணக்கில் ஏமாறுவார்கள். அவர்களுக்கும், ஒரே இடத்தில் ஒரு வாரம் நிற்கிறவர்களுக்கும் 200 வாட் மடிப்புப் பேனல் அவசியம். டியூபுலர் இன்னும் அர்த்தமுள்ளதாக இருக்கும் ஒரே இடம், நகராமல் வருடக்கணக்கில் நிற்கிற, நல்ல வெயில் விழுகிற பண்ணை ட்ரெய்லர்.

பயணமில்லாத வாரங்களில் இரண்டுக்கும் கவனிப்பு நேர்மாறு. டியூபுலரை முழு சார்ஜில் வைக்க வேண்டும், பாதியில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து திறன் போய்விடும். மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்க்க வேண்டும். லித்தியத்தை அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் விடும்போது 50, 60 சதவீதத்தில் வைத்து மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஷண்ட் மானிட்டரும் கேஸ் அலாரமும் ரேடியோவின் கடிகாரமும் சேர்ந்தே இரண்டு மூன்று மாதத்தில் பிஎம்எஸ்ஸைத் தூங்க வைத்துவிடும்.