உப்புக்காற்று ஊரில் செடிக்கு எல்.இ.டி: மூன்று விளக்குகள், ஒன்றுதான் தேறியது

வெயிலுக்குப் பேர்போன ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு செடிக்கு விளக்கு போடுகிறாயே என்று உம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கீழக்கரையில் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. கீழ்த்தளத்துக்கு வெயில் வராது. மாடிக்கோ அளவுக்கு மீறி வரும். அதையாவது நிழல்வலை கட்டிச் சமாளிக்கலாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் வலையும் நிற்காது, செடியும் நிற்காது. இலை ஓரமெல்லாம் உப்பில் கருகிவிடும். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு தினமும் புதினாவும் மல்லியும் வேண்டும், அப்போது பார்த்து கடையில் வாடிய கட்டுதான் கிடைக்கும். அதனால் பின் ஹாலில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு ரேக் போட்டு, மூன்று வகை விளக்குகளை அதில் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன்.

முதலில் ஊதா பேனல். காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. பிளக்கில் வாட் மீட்டர் செருகிப் பார்த்தால் நூறை ஒட்டித்தான் காட்டியது. உள்ளே இருக்கும் நூறு சிப்புகளும் ஆளுக்குப் பத்து வாட் தாங்கும் என்று கூட்டி எழுதிய கணக்கு அந்த 1000. இந்த வியாபாரத்தில் இது சர்வசாதாரணம். எந்த விளக்கானாலும் அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, சுவரிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பதைத் தேடிப் படியுங்கள். அது எங்குமே எழுதவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

ஊதா நிறத்துக்குக் காரணம் உண்டு. இலைப் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் உறிஞ்சும், ஆகவே அந்த இரண்டு மட்டும் போதும் என்று கிளம்பினார்கள். ஆனால் பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடக்கிறது என்று மெக்ரீ என்ற ஆய்வாளர் 1972-லேயே அளந்து காட்டிவிட்டார். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யே நீலச் சிப்பின் மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசியதுதான், நீலத்துக்கு அதில் குறைவே இல்லை. எனக்கு வந்த தொல்லை வேறு. ஊதா வெளிச்சத்தில் இலையெல்லாம் கறுப்பாகத் தெரியும். பழுத்திருக்கிறதா, அசுவினி ஒட்டியிருக்கிறதா, செம்பேன் வலை கட்டியிருக்கிறதா, எதுவும் கண்ணுக்குப் படாது. தினமும் விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதோடு, உள்ளே இருக்கும் சின்ன விசிறியில் உப்புத்தூசி ஏறி ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கரகரவென்று கத்த ஆரம்பித்துவிட்டது. விசிறி நின்றால் பேனல் சூடேறிச் சிப்பு போய்விடும். கடலோர ஊருக்கு விசிறி வைத்த விளக்கு சரிப்படாது என்பது என் தீர்மானம்.

இரண்டாவது, வெள்ளை போர்டு பேனல். தட்டையான அலுமினியத் தட்டில் நூற்றுக்கணக்கான சின்ன சிப்புகள், அவற்றுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர் தனி. 65 வாட்தான், ஆனால் வெளிச்சம் அபாரம். ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு அதன் அடியில் வைத்த மிளகாய்ச் செடி பூவே விட்டது. விசிறி இல்லை, சத்தம் இல்லை. அந்த வெளிச்சத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். குறை என்னவென்றால், சிப்புகளும் ஈயப்பற்று வைத்த இடங்களும் திறந்து கிடக்கின்றன. எங்கள் ஹாலில் ஜன்னலைத் திறந்தால் கடல்காற்றுதான். உப்பு படிந்த இடம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பித்தளை முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறும். டிரைவர் கனெக்டரில் அது தொடங்கிவிட்டது. ஏ.சி. போட்டு மூடிய அறை இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். விலை மட்டும் அடுத்து சொல்லப்போவதைப்போல் பல மடங்கு.

மூன்றாவதுதான் என் ரேக்கில் இப்போது எரிகிறது. 'செடி விளக்கு' என்ற பெயரே அதற்குக் கிடையாது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில், ஐஸ் பிளான்ட்டுக்கும் மீன் கம்பெனிக்கும் மாட்டுகிற மூடிய நாலடி டியூப் இருக்கிறதா என்று கேட்டேன். "அக்கா, வீட்டுக்கா? சாதா பேட்டன் போதுமே, பாதி விலைதான்" என்றார் கடைக்காரர். செடிக்கு என்றதும் சிரித்தார், ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். ஐ.பி.65 முத்திரை, 6500 கெல்வின் (பகல் வெளிச்சம்போன்ற) வெள்ளை, ஒன்று 40 வாட், அட்டையில் 4000 லூமன். இரண்டு வாங்கினேன். ஐ.பி.65-ல் 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். எங்கள் ஊருக்கு வேண்டியது இந்த எண்தான்.

இப்போது வெளிச்சக் கணக்கு. லூமன், லக்ஸ் எல்லாம் மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்கு 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதே கணக்கு, அதை மைக்ரோமோலில் சொல்வார்கள். அதற்கான மீட்டர் நமக்குக் கட்டுபடியாகாது. போனில் லக்ஸ் அளக்கும் ஆப் போட்டு, வரும் எண்ணைச் சுமார் 70-ஆல் வகுத்தால் 6500 கெல்வின் வெள்ளைக்கு ஓரளவு சரியாக வரும். என் ரேக்கில் விளக்கிலிருந்து முக்கால் அடி கீழே, நடுவில் 11,500 லக்ஸ் காட்டுகிறது, அதாவது 165 மைக்ரோமோல் அளவுக்கு. ஓரத்தில் நூறுதான். பக்கங்களில் வெள்ளை அட்டை நிறுத்தியதால் இவ்வளவு, இல்லாவிட்டால் வெளிச்சத்தில் ஒரு பங்கு தரைக்குப் போயிருக்கும். 165-ஐ 14 மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்கு 8 மோல் சொச்சம் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). நாற்று, வெந்தயக்கீரை, புதினா, முளைக்கீரைக் குருத்து இவற்றுக்கு அது தாராளம். லெட்யூஸ் நன்றாகக் கட்ட 12-க்கு மேல் வேண்டும், மிளகாய் காய்க்க 20-க்கு மேல். நம் வெயில் நண்பகலில் 2000 மைக்ரோமோல் வரை கொட்டுகிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாயை விளக்கடியில் காய்க்க வைக்க நினைப்பது வீண்செலவு. நாற்றை உள்ளே வளர்த்துக் கச்சான் ஓய்ந்ததும் மாடிக்கு ஏற்றுங்கள், அது போதும்.

மல்லிக்கு மட்டும் வேறு கணக்கு. பகல் நீண்டால், சூடும் சேர்ந்தால், இலை கட்டாமல் பூக்கப் போய்விடும். அதை ரேக்கின் ஓரத்தில் வைத்து 12 மணி நேரத்தோடு நிறுத்துகிறேன், அப்படியும் சித்திரை வைகாசியில் மல்லி போடுவதில்லை.

சூடு என்றதும் இன்னொன்று. எல்.இ.டி. சூடாகாது என்பார்கள். இழுக்கும் 80 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடியும். அதனால் நான் விளக்கை ராத்திரியில் எரிக்கிறேன், மாலை 5 முதல் காலை 7 வரை. அறை குளிர்ந்திருக்கும், மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் போனாலும் செடிக்குத் தெரியாது. டைமர் வாங்கும்போது பேட்டரி வைத்த டிஜிட்டலாக வாங்குங்கள். சுற்றிலும் பின் வைத்த மெக்கானிக்கல் டைமர் மலிவுதான், ஆனால் கரண்ட் போகும்போதெல்லாம் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் போனால் அன்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளித்தான் எரியும். கரண்ட் செலவு ஒரு நாளைக்கு 1.1 யூனிட், இரண்டு மாத பில்லில் 67 யூனிட் கூடும். அரசு தரும் இலவச யூனிட்டுக்குள் எங்கள் வீட்டு பில் அடங்குவதில்லை, நீங்களும் இதைச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

மாட்டும் விஷயத்தில் சங்கிலி வேண்டாம், துரு பிடிக்கும். வலைச் சாமான் கடையில் கிடைக்கும் நைலான் கயிறு போதும், முடிச்சை இழுத்து உயரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். தண்டு நூல்போல் நீண்டு சாய்ந்தால் விளக்கை இறக்குங்கள், மேல் இலை வெளுத்தால் ஏற்றுங்கள். விளக்கோடு வரும் கிளிப்பைத் தூக்கிப்போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். ஒயர் நுழையும் இடத்திலுள்ள நட்டைக் கையால் நன்றாக இறுக்கவில்லை என்றால் ஐ.பி.65-க்கு அர்த்தமே இல்லை. ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒருமுறை தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் தெளிக்கும் தண்ணீர் வழிந்து பிளக்குக்குள் இறங்காது. எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத லைனில் இதையெல்லாம் செய்யவே வேண்டாம். வாரம் ஒருமுறை விளக்கை அணைத்து ஈரத்துணியால் துடைத்தால், மேலே படியும் உப்புப்படலம் போய் வெளிச்சம் திரும்பும்.

குறை இல்லாமல் இல்லை. அறை முழுக்க ஆஸ்பத்திரி வெளிச்சமாக இருக்கிறது, திரை போட்டுத்தான் தூங்க முடிகிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாங்கும்போது பில்லில் தேதியும் கடை முத்திரையும் கேட்டு வாங்குங்கள். இந்த வகையில் முதலில் போவது பெரும்பாலும் சிப்பு அல்ல, உள்ளே இருக்கும் டிரைவர்தான். வாரண்டியில் அதை மாற்றித் தர அந்தத் துண்டுச் சீட்டைத்தான் கேட்பார்கள்.