ஆண்ட்ராய்டு 6 போனில் பயர்பாக்ஸ்: வாசிக்கப் போதும், வங்கிக்கு வேண்டாம்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் பழைய போன் வாங்குகிறவர்கள் ராமையும் கேமராவையும்தான் பார்ப்பார்கள். முதலில் பார்க்கவேண்டியது ஆண்ட்ராய்டு பதிப்பு.

ஆண்ட்ராய்டு 6-க்கு குரோம் 106-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய தலையிடி, ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ். பல தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் இப்போதைய மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு நம்பத் தொடங்கியது 7.1.1-இல். அதற்கு முந்திய போனில் குரோம் போனில் உள்ள நம்பகச் சான்றிதழ்ப் பட்டியலையே பார்ப்பதால், லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் உள்ள நல்ல தளத்துக்கும் 'பாதுகாப்பற்றது' என்று கத்தும். பயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலோடு வருவதால் அதே தளம் திறக்கும். இந்த ஒன்றுக்காகவே அதைப் போடலாம்.

500 எம்பி இடம் விட்டுவிட்டு பயர்பாக்ஸை பிளே ஸ்டோரில் இறக்குங்கள். போனுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை அதுவே தரும். பிறகு அதன் நீட்சிகளில் (எக்ஸ்டென்ஷன்) விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஒரிஜினைப் போடுங்கள். விளம்பரம் போனாலே பாதி வேகம் திரும்பும், டேட்டாவும் மிஞ்சும். செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை நிறுத்தி, டேப்கள் ஒரு நாளில் தானாக மூடும்படி வையுங்கள். 2 ஜிபி ராமில் நாலைந்து டேப்புக்கு மேல் திறந்தால் பக்கம் திரும்பத் திரும்ப லோட் ஆகும்.

அப்படியும் சான்றிதழ்ப் பிழை வந்தால் போனின் திகதி சரியா என்று பாருங்கள். பட்டரி செத்துக்கிடந்த போனில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

குறை: 144-ஆம் பதிப்பிலிருந்து பயர்பாக்ஸுக்கும் ஆண்ட்ராய்டு 8 வேண்டும். ஆண்ட்ராய்டு 6-இல் உள்ள பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. ஆகவே வங்கிக் கணக்கை இதில் திறக்காதீர்கள். ஒபேரா மினி என்ற பிரவுசர் இன்னும் இலேசானதுதான், ஆனால் டேட்டாவை மிச்சப்படுத்தும் அதன் உச்சச் சேமிப்பு முறையில் பல படிவங்கள் வேலை செய்யா.