ஞாயிற்றுக்கிழமை அகராதி

குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கார இடம் கிடைத்தால் நாவல், கிடைக்காவிட்டால் ஜன்னல். பாரிமுனையில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பகல் முழுக்க வாயில் நுழையாத மாத்திரைப் பெயர்களோடு கிடக்கிறவளுக்கு நாவலில் புரியாத ஒரு தமிழ்ச் சொல் வந்தால் கோபம் வராது, ஆசைதான் வரும். பழைய பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு மேலே படிப்பேன்.

குறித்து வைத்த சொற்களை எங்கே போய்ப் பார்ப்பது என்பதுதான் பல வருஷப் பிரச்சினை. முதலில் நடைபாதைக் கடை ஒன்றில் கையடக்க அகராதி ஒன்று வாங்கினேன். அதில் எதைத் தேடினாலும் ‘ஒருவகை மரம்’, ‘ஒருவகை மீன்’, ‘ஒருவகைப் புல்’ என்றே இருக்கும். மரம் என்று எனக்கே தெரிகிறதே, கதையில் குரங்கு அதில்தானே ஏறி உட்கார்ந்திருக்கிறது! அப்புறம் அது மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டது.

நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு வருஷம் விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு, அடுத்த வருஷம் மனசு கேட்காமல் வாங்கியதுதான் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. 1992 இல் முதல் பதிப்பு, 2008 இல் இரண்டாவது, 2020 இல் மூன்றாவது. என்னிடம் இருப்பது மூன்றாவது. இதற்காகவே வாழ்ந்தவர் என்று சொல்லத்தக்க பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன், அந்தப் பதிப்பு வெளிவந்த அதே 2020 நவம்பரில் கொரோனாவில் காலமானார். முதல் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு முதலில் பிடித்தது, பொருளுக்குக் கீழே வருகிற உதாரண வாக்கியம். ஒரு சொல்லை இன்னொரு சொல்லால் மாற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், வீட்டில் பேசுகிற மாதிரி, பத்திரிகையில் எழுதுகிற மாதிரி ஒரு வாக்கியத்தில் அதை உட்காரவைத்துக் காட்டுகிறார்கள். பேச்சு வழக்கா, வட்டார வழக்கா, அருகி வருவதா என்கிற குறிப்பும் உண்டு.

2008 பதிப்பிலிருந்து இலங்கைத் தமிழையும் சேர்த்திருக்கிறார்கள். அது எனக்கு எப்படி உதவியது என்று சொல்லாமல் இருக்க முடியாது. ஈழத்து நாவல் ஒன்றில் பெரியவர் ஒருவர் ‘கதிரை இழுத்துப் போட்டு இருந்தார்’ என்று வந்தது. நான் நெற்கதிரை நினைத்துக்கொண்டேன். களத்துமேட்டில் கதிர்க்கட்டை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் பெரியவர் நிற்பதாக மனசுக்குள் ஒரு படமே ஓடிவிட்டது. அடுத்த வரியில் அதே கதிரையில் சட்டை காயப்போடுகிறார்கள்! பல்லாவரம் வரைக்கும் யோசித்தும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தால் கதிரை என்றால் நாற்காலியாம், இலங்கை வழக்கு. போர்ச்சுகீசியர் விட்டுவிட்டுப் போன சொல். நம் வீட்டு ஜன்னலும் அலமாரியும் சாவியும் அவர்கள் கொடுத்ததுதான், நாற்காலியை மட்டும் நாமே நாலு கால் எண்ணிச் செய்துகொண்டோம். அங்கே ‘இருந்தார்’ என்றால் ‘உட்கார்ந்தார்’ என்பதும் அப்போதுதான் உறைத்தது. தெரியாத சொல்லாவது என்னைத் தேட வைக்கிறது, தெரிந்த மாதிரி முகம் காட்டுகிற சொல்தான் ஏமாற்றுகிறது.

பழைய இலக்கியச் சொல்லை இதில் தேடக் கூடாது. பெயரிலேயே ‘தற்கால’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939 இல் அநுபந்தம். லட்சத்துக்கு மேல் சொற்கள். ஆறையும் வாங்கி வைக்க எங்கள் வீட்டில் சுவர் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம், போனிலேயே பார்த்துவிடுகிறேன். ஆனால் போனை எடுத்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கும் தெரியும்.

இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. மாமியார் அம்பாசமுத்திரத்துக்காரர், ஆறு மாதமாக எங்களோடு இருக்கிறார். நெல்லைக் கதை ஒன்றில் ஒருத்தி ‘அங்கணத்தில் உட்கார்ந்து அழுதாள்’ என்று வந்தது. அங்கணம் என்றால் முற்றம் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் 720 ஆவது குறளுக்கு அப்படித்தான் உரை படித்தோம்: தகுதியில்லாதவர் கூட்டத்தில் பேசுவது, தூய்மையில்லாத முற்றத்தில் சிந்திய அமிழ்தம் போல. அத்தையிடம் கேட்டேன்.

“முத்தமா? ஏனம் தேய்க்கிற இடம்லா அங்கணம்! அடுக்களை மூலையில, தண்ணி போக ஓட்டையோட இருக்கும்.”

“ஏனம்னா என்ன அத்தை?”

“பாத்திரம்மா. இது கூடவா தெரியாது?”

லெக்சிகனில் ஏனத்துக்குப் பன்றியும் வரும், அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் சோற்றுப் பருக்கையும் புளித்த தண்ணீரும் வழிந்தோடுகிற அந்த மூலையில் அமிழ்தத்தைக் கொட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் கழித்து அந்தக் குறள் எனக்கு அன்றைக்குத்தான் நாறியது.

‘வளவு’ இன்னும் மோசம். அத்தைக்கு அது ஒரே வாசலுக்குள் வரிசையாக இருக்கிற நாலைந்து வீடு. எங்கள் கடையில் பில் போடுகிற காரைக்குடிப் பெண்ணுக்கு வீட்டுக்குள்ளே முற்றத்தைச் சுற்றிய பகுதி. யாழ்ப்பாணத்து நாவலில் வேலி அடைத்த வீட்டு மனை. கதை எந்த ஊரில் நடக்கிறது என்று பார்க்காமல் பொருள் சொல்லவே முடியாது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது தடிமனான புத்தகம், படுத்துக்கொண்டு நெஞ்சில் வைத்துப் படிக்க ஆகாது. படிக்கும்போது பக்கத்திலும் வைக்காதீர்கள். முதல் மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு சொல்லைப் பார்க்கத் திறந்து, அதற்குக் கீழே இருப்பது, எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்று போய், நாவலில் கல்யாணம் நின்றுபோன இடத்துக்குத் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. இப்போது ஃபிரிட்ஜ் மேலே ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் இறக்கி, அந்த வாரத்து பில் துண்டுகளை வைத்துக்கொண்டு உட்காருவேன். வாரத்துக்கு ஏழெட்டு சொல் தேறும். பாதிக்கு அதற்குள் கதையே பொருள் சொல்லியிருக்கும்.

போன ஞாயிறு துண்டில் ‘சுளகு’ என்று இருந்தது. அகராதியை இறக்க ஸ்டூலைத் தேடினேன். அத்தை பால்கனியில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். “எதுக்கு ஏறுத?” என்றார். சொன்னேன். கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார்.

“இத்தனை நாளா முறம்னுதானே சொல்லிட்டு இருந்தீங்க?”

“நீ முறம்னு சொல்லுத, உனக்குப் புரியணும்லா” என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.