தஞ்சாவூர் வீணை அச்சிட்ட வீட்டுப் பொருட்கள்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பாட்டி வாசித்த தஞ்சாவூர் வீணை இப்போது தம்பி வீட்டில் இருக்கிறது. அது கண்ணில் படாத குறையைப் போக்கிக்கொள்ளவே, பழைய வீணை ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்த கலைப் புகைப்படம் அச்சிடப்பட்ட காபி மக், இரண்டு குஷன் உறைகள், ஒரு டிரே, ஒரு கேன்வாஸ் படம் ஆகியவற்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். எல்லாவற்றிலும் ஒரே படம் என்பதால், எந்தப் பரப்பில் வீணை வீணையாகத் தெரிகிறது என்று நாள்தோறும் ஒப்பிட முடிந்தது.

மக்கில்தான் படம் மிகத் தெளிவு. தண்டியின்மேல் வரிசையாகப் பதித்த உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளையும் எண்ணிவிடலாம். அவற்றைத் தாங்கும் கறுத்த மெழுகில் விழுந்த வெடிப்புகூடத் தெரிகிறது. சப்ளிமேஷன் முறையில், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், தாளில் அச்சிட்ட மை ஆவியாகி, பீங்கான்மேல் பூசிய பாலியஸ்டர் படலத்துக்குள் இறங்கிவிடுவதால் படம் உரிவதில்லை. ஆனால் படலம் தேய்ந்தால் படமும் தேயும். தொடக்கத்தில் கம்பி நாரால் தேய்த்ததில் வீணையின் முனையில் செதுக்கிய யாளி முகத்தின் தாடையருகே நிறம் வெளுத்துவிட்டது. மென்மையான ஸ்பாஞ்சுக்கு மாறிய பிறகு மேலும் கெடவில்லை.

குஷன் உறைகள் எனக்கு ஏமாற்றமே. இந்த மை பருத்தியில் பிடிக்காது என்பதால் துணி முழுக்கப் பாலியஸ்டர். கோடையில் முதுகு சாய்த்தால் வியர்க்கிறது. நூல் இழைகளின் சொரசொரப்பில் 7 தந்திகளும் மறைந்து, வீணையின் நீண்ட கழுத்தான தண்டி வெறும் பழுப்புப் பட்டையாக நிற்கிறது. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. வீணையின் உருண்ட அடிப்பகுதியான குடத்தின் விளிம்பில் ஓடும் வெண்ணிறப் பூவேலையில் காண்பது துணியின் வெண்மையே. அதனால் காபிக் கறை பட்ட இடத்தில் அந்த வேலைப்பாடே மங்கிப்போயிற்று.

டிரேயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படத்தைத் தாளில் இட வலம் மாற்றி அச்சிட்டால்தான், பொருளில் பதியும்போது அது நேராக வரும். என் டிரேயில் அதைச் செய்யத் தவறியிருக்கிறார்கள். வாசிப்பவருக்கு எதிரே அமர்ந்து பார்த்தால் குடம் நம் இடப்பக்கமும் யாளி முகம் வலப்பக்கமும் இருக்க வேண்டும், இதில் தலைகீழ். விற்றவருக்கு எழுதியபோது, வடிவமைப்பே அப்படித்தான் என்று பதில் வந்தது. வீணை கற்ற எவர் கண்ணையும் இது முதல் பார்வையிலேயே உறுத்தும். எனக்கு இன்றும் உறுத்துகிறது. அழகுக்காக மட்டும் அந்தப் படத்தை அச்சிடுபவர்களும் வாத்தியத்தின் இட வலம் அறிந்திருக்க வேண்டும் என்றே உறுதியாக நினைக்கிறேன். மற்றபடி நான்கு ஆண்டு ஈரத்துணித் துடைப்பில் அச்சு சிறிதும் குன்றவில்லை.

கேன்வாஸில்தான் பலா மரத்தின் நிறம், மஞ்சளும் செம்பழுப்பும் கலந்து, பாட்டியின் வீணையில் பார்த்தபடியே அமைந்தது. முதலில் வந்த படத்தில் சட்டத்தின் பக்கங்களில் துணியை மடித்தபோது யாளியின் மூக்கு மடிப்புக்குள் போய்விட்டது. சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதல் வெளிவிட்டு அச்சிடச் சொல்லி, என் செலவிலேயே மறுபடி வாங்கினேன். நேர் வெயில் படாத கூடத்துச் சுவரில் அதை மாட்டியிருக்கிறேன். நிறம் அப்படியே நிற்கிறது. மக் உடைந்தால் அதே படத்தில் இன்னொன்று வாங்குவேன். குஷன் உறைகளை மட்டும் மீண்டும் வாங்க மாட்டேன்.