கோவில்பட்டியில் எங்கள் வீட்டைக் கட்டிய கான்ட்ராக்டர்: மண்ணுக்குள் ஐந்து ஸ்டார், வெளிச்சுவருக்கு இரண்டு

வீடு கட்டியவர்கள் கான்ட்ராக்டரைத் திட்டுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெளியே பளபளவென்று காட்டிவிட்டு உள்ளே கம்பியையும் சிமெண்டையும் தின்றுவிட்டார் என்பார்கள். எனக்கு வாய்த்தவர் அப்படியே தலைகீழ். மண்ணுக்குள் போனதில் ஒரு குறை சொல்ல முடியாது, நாலு பேர் பார்க்கிற வெளிச்சுவரில்தான் கோட்டை விட்டார். ஊர் சின்னது, அவரும் தினமும் எதிரே வருகிறவர், அதனால் பெயர் வேண்டாம்.

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் மனை, தரைத்தளம் மட்டும் 1,080 சதுர அடி. கடைக்காலில் (அஸ்திவாரம்) தொடங்கி கூரைத் தளம், கைப்பிடிச் சுவர், வெளிப்பூச்சு, மொட்டை மாடித் தட்டோடு (மாடியில் பதிக்கிற ஓடு) வரை மெட்டீரியலோடு சதுர அடிக்கு 1,520 ரூபாய் என்று பேசினோம். வயரிங், டைல்ஸ், மர வேலை எல்லாம் நான் தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டேன், அதைப் பற்றி எழுதினால் இன்னொரு ராமாயணம். பிளான் அப்ரூவலுக்கு நடையாக நடந்தோம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் சுயசான்றிலேயே ஆன்லைனில் அனுமதி வாங்கலாம் என்ற திட்டம் 2024 ஜூலையில்தான் வந்தது. அதற்குள் எங்கள் வீட்டுக்குத் தளமே போட்டாகிவிட்டது.

2024 தை மாதம் வானம், அதாவது கடைக்கால் குழி, தோண்ட ஆரம்பித்தோம். முந்தின மாதம்தான் இந்தப் பக்கம் பேய்மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது ஞாபகம் இருக்கும். எங்கள் மனையில் கால் வைத்தால் செருப்பு திரும்ப வராது. கரிசலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மழையில் ஊதிப் பெருக்கும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், வருஷா வருஷம் இதே கதைதான், மேலோட்டமாகக் கடைக்கால் போட்ட சுவர் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். பக்கத்து மனையின் காம்பவுண்டுச் சுவர் விரிசலில் பத்து ரூபாய் நாணயத்தைச் செருகினால் விழாமல் நிற்கிறது, நானே செருகிப் பார்த்தேன்.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது ஐந்தடி ஆழம். ஐந்தடியில் இன்னும் கருப்பு மண்தான் வந்தது. அங்கேயே பிசிசி (கம்பியில்லாத அடிக் காங்கிரீட்) போட்டு மூடியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கான்ட்ராக்டர் குழிக்குள் இறங்கி ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் பிசைந்து, களிமண் மாதிரி நூலாகத் திரித்துக் காட்டினார். "சார், இது இன்னும் சேறுதான். சுக்கான் தட்டுற வரைக்கும் போயிருவோம்" என்றார். ஆறே முக்கால் அடியில் வெள்ளையும் மஞ்சளுமாகச் சுக்கான், அதாவது கெட்டியான சுண்ணாம்புப் பாறை, வந்தது, கடப்பாரை ணங்கென்று நின்றது. கூடுதல் ஆழத்துக்கு ஜல்லி, சிமெண்ட், கம்பிக் காசு மட்டும் வாங்கினார், கூலி கேட்கவில்லை. பேஸ்மெண்ட்டை (தரைக்கு அடியில் உயர்த்துகிற மேடை) நிரப்பவும் தோண்டிய கரிசலைத் திரும்பக் கொட்டவில்லை. இந்தப் பக்கம் பலரும் செய்கிற சிக்கனம் அது, பிறகு தரை டைல்ஸ் வீங்கும்போதுதான் தெரியும். இவர் லாரியில் கிராவல் இறக்கி, ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் விட்டு இடித்துத்தான் மேலே ஏறினார். பேஸ்மெண்ட் உயரத்தையும் மூன்றரை அடியாக்கச் சொன்னார், மழையைப் பார்த்த பயத்தில் நானும் மறுக்கவில்லை.

கம்பி விஷயத்தில் எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஒன்று பத்து கிலோ அறுநூற்றுச் சொச்சம் வர வேண்டும். கம்பியின் விட்டத்தை எம்எம் கணக்கில் அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வந்துவிடும், இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு போனால் கடைக்காரர் மரியாதையாகப் பேசுவார். பழைய இரும்புக் கடைத் தராசில் மூன்று கம்பியை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கான்ட்ராக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, இன்னும் இரண்டு எடுத்துப் போடுங்கள் என்றார்.

ஆனால் ஐந்து ஸ்டாரில் பாதி கம்பி கட்டிய பெரியவருக்குத்தான் போக வேண்டும். அறுபதைத் தாண்டியவர், வாயில் எப்போதும் வெற்றிலை. சித்திரை முதல் வாரம் தளம் போட்டோம். தளத்தில், பீம் மேலே வருகிற இடத்தில் மேல் கம்பி என்று ஒரு வரிசை உண்டு. காங்கிரீட் கொட்டுகிற நாளில் இருபது பேர் சட்டியோடு அதன் மேல்தான் நடப்பார்கள், மிதிபட்டு மிதிபட்டுக் கீழ்க் கம்பியோடு ஒட்டிப் படுத்துவிடும், மேலே ஜல்லி விழுந்த பிறகு கடவுளுக்கும் தெரியாது. பெரியவர் காலையிலேயே பலகை போட்டுப் பாதை பண்ணினார், வளைத்த கம்பியில் குட்டி நாற்காலிகள் செய்து அடியில் முட்டுக் கொடுத்தார், சாயங்காலம் வரை ஒரு கொக்கியோடு முன்னால் போய்ப் படுத்த கம்பியைத் தூக்கித் தூக்கிவிட்டார். "தம்பி, இது கீழ படுத்துட்டா கம்பி இருந்தும் இல்லாத கணக்கு" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவர் கடைசியாகத்தான் உட்கார்ந்தார். கலவையில் தண்ணீரைக் கூட்டினால் தள்ளுவது சுலபம், பலம் போய்விடும், அதனால் மிக்சர் பக்கத்தை விட்டு கான்ட்ராக்டரும் நகரவில்லை. தளத்தைக் கீழிருந்து தாங்கிய முட்டுகளை 21 நாள் கழித்துத்தான் பிரித்தார்.

முதல் உரசல் தண்ணீரில் வந்தது. காங்கிரீட் நன்றாக இறுகத் தளத்தில் பாத்தி கட்டி இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்த வேண்டும், சித்திரை வெயிலில் அது காலையில் ஊற்றினால் மாலையில் காணோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு, எனவே டேங்கர். அது யார் கணக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லை. "தண்ணி எப்பவும் ஓனர் கணக்குதான் சார்" என்றார். பேசும்போதே எழுதி வாங்காதது என் தப்பு, மொத்தம் இருபத்து மூன்று டேங்கருக்கு நான் காசு கொடுத்தேன். போர்ட்டிகோவை முழு ரேட்டில் அளப்பதா பாதி ரேட்டிலா என்று இன்னொரு பஞ்சாயத்து, பாதியில் முடிந்தது.

இனி வெளிப்பக்கம். எலிவேஷன் (வீட்டு முகப்பு) என்று லேப்டாப்பில் 3டி படம் காட்டினார், பெட்டி பெட்டியாகத் துருத்திக்கொண்டு ஷாப்பிங் மால் மாதிரி இருந்தது. அம்மா பார்த்துவிட்டு "இதுல எங்கடா வாசல்?" என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆக எங்களுக்கு வேண்டியது நேரான சுவர், நல்ல பூச்சு, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு சாத்தூர் பக்கம் பெரிய வேலை ஒன்று வந்துவிட்டது. நல்ல கொத்தனார்கள் இரண்டு பேரும் அங்கே போய்விட, எங்களுக்கு வந்தது புது ஆட்கள். மாதம் ஆடி. ஆடிக்காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் பூசப் பூச அரை மணியில் காய்ந்து வெளுத்தது. சாக்குப் படுதா கட்டி, அடிக்கடி நனைத்திருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஒரு தடவை பைப்பைப் பிடித்துவிட்டுப் போனார்கள். பத்தே நாளில் சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல் சுவர் முழுக்க. வடக்குச் சுவரில் அதைவிட மோசம், பில்லரும் செங்கலும் சேருகிற இடத்தில் கோழிவலை அடிக்காமலே பூசிவிட்டார்கள். இரண்டும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை, எனவே பில்லர் ஓரமாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு விரிசல் மேலிருந்து கீழே. போன் மேல் போன் போட்ட பிறகு ஓர் ஆள் வந்து விரிசல் மேல் பட்டியை (புட்டி) தேய்த்துவிட்டுப் போனார்.

சன்ஷேடுக்கு அடியில் ஓரத்தையொட்டி விரல் அகலத்தில் ஒரு பள்ளக்கோடு இழுப்பார்கள், பூச்சு ஈரமாக இருக்கும்போது ஐந்து நிமிட வேலை. அது இருந்தால் மழைத்தண்ணீர் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும். எங்கள் வீட்டில் ஆறு சன்ஷேடில் ஒன்றுக்குக்கூட அது இல்லை. ஐப்பசி மழையில்தான் கவனித்தேன். தண்ணீர் விளிம்பைத் தாண்டி அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்து, ஜன்னல் சட்டத்துக்குள் இறங்குகிறது. மாடியில் தண்ணீர் வடியத் தட்டோட்டுக்கு வாட்டம் (சரிவு) கொடுத்ததும் அரைகுறை, ஈசான்ய (வடகிழக்கு) மூலையில் இரண்டு விரல் தண்ணீர் நிற்கிறது. வாஸ்துப்படி நல்லதுதானாம், மேஸ்திரி சொன்னார்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், பூச்சு முடிந்த அன்றே மொத்தப் பணத்தையும் செட்டில் செய்தது. கடைக்காலில் அவ்வளவு நேர்மையாக இருந்தவர் மேல் நம்பிக்கை. அவரிடம் கொடுப்பதாக இருந்தால் ஐந்து சதவீதத்தையாவது ஒரு மழைக்காலம் முடியும் வரை கையில் வையுங்கள். பூச்சுக்குக் கொத்தனார் யார் என்றும் முன்பே கேட்டுவிடுங்கள், பங்குனிக்குள் பூச்சு முடிகிற மாதிரி வேலையை ஆரம்பியுங்கள். அஸ்திவாரம், பில்லர், தளம் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். மாடி எடுக்கும்போது நானே திரும்ப அவரிடம்தான் போவேன், பூச்சு மட்டும் வேறு ஆள் என்று இப்போதே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே "சரி சார், பெரியவரை இப்பவே சொல்லி வச்சிருதேன்" என்றார்.

சன்ஷேடு வேலைக்கு எப்போது வருவீர்கள் என்று போன வாரமும் கேட்டேன். "தை பிறக்கட்டும் சார்" என்கிறார். அதுவரை வானம் கருத்தால் அம்மா வடக்கு ஜன்னலில் சாக்கைச் சுருட்டி வைத்துவிடுகிறார்.